ஏழாம் பாகத்துக் கரடி

இவாஞ்சலின்: ஏழாவதை மட்டும் எடுத்து வெளிய வைடா.

ஜோவின்: ஏன்க்கா? ஆறு பாகம் ஜெர்மனிக்குப் போலாம், ஏழாவதுக்கு மட்டும் விசா இல்லியா?

இவாஞ்சலின்: பெட்டி வெயிட் ஜாஸ்தி. அப்பா, தராசுல எவ்ளோ காட்டுது?

அப்பா: இருபத்தி நாலு.

இவாஞ்சலின்: பாத்தியா. இருபத்தி மூணுதான் விடுவான். ஒரு கிலோ கம்மி பண்ணணும்.

ஜோவின்: அப்போ உன் நார்த்தங்கா ஊறுகாய எடுப்போம். அதுவே ஒன்றரை கிலோ.

இவாஞ்சலின்: ஊறுகாய்ல கை வச்சே, கார்ல ஏற விடமாட்டேன்.

ஜோவின்: ஊரே நிச்சயத்துக்கு மோதிரம் போடுது. ரெனிட்டா எனக்கு வெல்மார் கதை ஏழு பாகமும் புது செட்டா வாங்கிக் குடுத்திருக்கா. ஒண்ண விட்டுட்டுப் போனா கல்யாணம் நடக்குமா, சொல்லு.

இவாஞ்சலின்: நம்ம பழைய ஏழாவது இருக்குதுல்ல, அத எடுத்துட்டுப் போ. அப்பா லெதர் பிட்டுல அட்டை போட்டது... காத்து மாதிரி இருக்கும்.

ஜோவின்: காத்து மாதிரிதான் இருக்கும். வேலூர் லாங் பஜார் பிளாட்பாரத்துல வாங்கினது. பதினாறு பக்கமே கெடையாது.

இவாஞ்சலின்: கதைதான் தெரியும்ல. எத்தினி வாட்டி படிச்சி சொல்லியிருக்கேன்.

ஜோவின்: நீ படிச்ச லட்சணம் தெரியாதா? வருசத்துக்கு ஒரு பாகம் வரும். மொத பாகம் வந்தப்போ எனக்கு ஆறு வயசு. இங்கிலீஷ்ல ஒரு வரி பாப்ப, தமிழ்ல நாலு வரி விடுவ. வெல்மார் ராஜா போருக்குப் போறதுக்கு முன்னாடி பிரியாணி சாப்ட்டாருன்ன.

இவாஞ்சலின்: அவரு ஏதோ சூப்பு குடிச்சாரு. அத எப்டிடா உனக்குச் சொல்றது...

ஜோவின்: நான் அத ஸ்கூல்ல போய் சொல்லி, தொட்டுக்க கத்திரிக்கா இருந்துச்சான்னு நவீத் கேட்டு... மானம் போச்சு.

இவாஞ்சலின்: நீ இன்னா சொன்ன?

ஜோவின்: இருந்துச்சுன்னேன். ராஜா வீட்ல இல்லாமயா.

அப்பா: இன்னும் இருபத்தி நாலுதான் காட்டுது.

இவாஞ்சலின்: ஓர்சாவ மட்டும் நான் மாத்தவே இல்ல. அந்தக் கரடிய அப்டியே சொன்னேன்.

ஜோவின்: மாத்துறதுக்கு இன்னா இருக்குது. அந்தச் சின்னப் பொண்ணு லியாவ முதுகுல தூக்கிக்கினு போகும், வழி பூரா உறுமிக்கினே போகும். அம்மா நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து கத்தினா, ஓர்சா வந்துடிச்சின்னுவோம்.

இவாஞ்சலின்: நர்ஸ் டிரெஸ்ஸோட நின்னுக்கினு உறுமிக் காட்டுவாங்க... சரி. குடு அத.

ஜோவின்: இரு அக்கா. பழசுல இல்லாத அந்தப் பதினேழாவது அத்தியாயம் புதுசுல இருக்குமில்ல? பிரிச்சிப் பாக்கலாமா?

இவாஞ்சலின்: வேணாம்.

ஜோவின்: ஓர்சா இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிக்க வேணாமா?

இவாஞ்சலின்: அதான் சொல்லியிருக்கேனே. பனிமலைக்குப் போய்டுச்சு. அங்க தேன் நெறைய கெடைக்கும். தங்கச்சி கரடி வீட்ல இருக்குது.

ஜோவின்: மொதல்ல சொன்னப்போ அண்ணன் கரடி.

இவாஞ்சலின்: பதினாலு வருசம் ஆவுது. இன்னா கரடியா இருந்தா இன்னா இப்போ?

ஜோவின்: பிரிக்கிறேன்க்கா.

இவாஞ்சலின்: ஜோவின்... டேய், வேணாம். நான்தான் கிழிச்சேன்.

ஜோவின்: எத?

இவாஞ்சலின்: அந்தப் பதினாறு பக்கத்த. அம்மாவ அடக்கம் பண்ணி இருபது நாள்தான் ஆச்சு. புக்கு வந்துச்சு. நான் முன்னாடியே படிச்சிட்டேன். ஓர்சா லியாவ ஆத்தத் தாண்டி கரையில விட்டுட்டு... அங்கியே... உனக்குப் பன்னெண்டு வயசுடா. அடுத்த நாள் அத உனக்குப் படிச்சிக் காட்டணும். எனக்கு வாய் வரல. பாத்ரூம்ல உக்காந்து கிழிச்சிப் போட்டேன். பிரெஸ்காரன் விட்டுட்டான்னு சொல்லிட்டேன். பாவம் புக்கு வித்த கவுஸ் பாஷா பாய், அவரு தலையில பழி.

ஜோவின்: அவருகிட்ட நான் சண்டைக்குப் போனேன்.

இவாஞ்சலின்: எப்போ?

ஜோவின்: அந்த வாரமே. ட்யூஷன்னு சொல்லிட்டு வேலூர் பஸ் ஏறிட்டேன். பாய் புக்க வாங்கினாரு, பிரிச்சாரு, மோந்து பாத்தாரு. தம்பி, இது பிரெஸ்ல போனது இல்ல, கத்தியில வெட்டினது, ஷூ ஒட்டுற சொலூஷன் வாசனை அடிக்குது, உங்க வீட்ல யாரு ஷூ கம்பெனின்னாரு. எங்கப்பா கட்டிங் மாஸ்டர்ன்னேன். வேற காப்பி எடுத்துக் குடுத்து, உக்கார ஸ்டூல் போட்டாரு. அங்கியே படிச்சேன். டீ வாங்கிக் குடுத்தாரு.

இவாஞ்சலின்: அப்போ... உனக்குத் தெரியும்.

ஜோவின்: ம்.

இவாஞ்சலின்: தெரிஞ்சேவா வாராவாரம் வந்து, ஓர்சா எங்கக்கா, எங்கக்கான்னு என்ன பேஜார் பண்ண?

ஜோவின்: அந்த வருசம் நீ அழாம பேசினது அது ஒண்ணுதான்க்கா. தங்கச்சி கரடியும் நல்லாத்தான் இருந்துச்சு.

இவாஞ்சலின்: இரு... கத்தியா? கத்தின்னா சொன்னாரு பாய்?

ஜோவின்: ஆமா. ஸ்கேல் வச்சி வெட்டின மாதிரி நேரா.

இவாஞ்சலின்: நான் கையாலதான்டா கிழிச்சேன். எலி கடிச்ச மாதிரி இருந்துச்சு. நீ கண்டுபிடிச்சிடுவன்னு பயந்து பயந்து, காலையில எடுத்துப் பாத்தா நீட்டா இருந்துச்சு. ஜெபம் பண்ணிட்டுப் படுத்தேனா... கர்த்தர் சரி பண்ணிட்டாருன்னு நெனச்சிக்கினேன்.

ஜோவின்: கர்த்தர் ஷூ சொலூஷனா வச்சிருக்காரு?

இவாஞ்சலின்: ...அப்பா.

அப்பா: இருபத்தி நாலேதான் காட்டுது.

இவாஞ்சலின்: அப்பா, தராச வச்சிட்டு இங்க பாருங்க.

அப்பா: ...குப்பக் கூடையில தாளு கெடந்துச்சு. எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது. கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய் அங்க இங்கிலீஷ் தெரிஞ்ச நயீம் அகமது பாய்கிட்ட குடுத்தேன். சாப்பாட்டு மணி முழுக்க உக்காந்து படிச்சாரு. ஒரு கரடி செத்துப்போச்சு மாஸ்டர்ன்னாரு. எந்தக் கரடின்னு அவருக்குத் தெரியாதுல்ல.

ஜோவின்: அப்பா...

அப்பா: நீ கிழிச்சது கோணலா இருந்துச்சும்மா. பையன் பாத்துடுவான்னு நான்தான் ஓரத்த வெட்டி ஒட்டினேன். இப்போ ஊறுகாய எடுத்துடு. அவன் புதுச எடுத்துட்டுப் போவட்டும். பழச யாருக்கும் குடுக்காதீங்க, எனக்கு வேணும்... அதுல அது இன்னும் சாவல.