இதைவிட நல்ல எண் கிடையாது

வாலாஜாபாத் பஸ்ஸில் என் முன் இருக்கையில் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வரும் டிரைவர் ஒருவரும் அவர் மகளும். மகள் ஐந்து வருஷமாகக் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"பஸ்ஸு நேரா பக்கவாட்டுல நகராது இல்லப்பா? முன்ன பின்ன வளைச்சுத்தான போவும்? அந்த மாதிரி எடத்துல, ஒரு அளவு இதுக்குக் கீழ எறங்காதுன்னு ஒரு எண் கண்டுபிடிச்சிருக்கேன்."

"நாளைக்கு ஒருத்தன் இதைவிட நல்ல எண் சொன்னா, உன் அஞ்சு வருஷமும் போச்சா?"

"இதைவிட நல்லது கெடையாதுபா. அதைத்தான் காலைல நிரூபிச்சேன்."

"ஆயிரம் வருஷம் கழிச்சும்?"

"அப்பவும்."

"கோயில் கல்லே உதிர்ந்துக்கினு இருக்குதேம்மா!"

"இது உதிராது."

அவர் குரலைத் தாழ்த்தி, "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"இப்போதைக்கு உலகத்துலயே நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

அவர் மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.