பஸ் திரும்பி வந்த வழி

இந்த நேரத்தில் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரம்மா. ஃபேன் சத்தம் போடும், ஆனால் காற்று நன்றாக வரும்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "மாமா, ஆம்புலன்ஸ் டிரைவர் வேற மாதிரி சொல்றாரே" என்றாய். அவர் பொய் சொல்லவில்லை. தகவல் போனவுடன் கிளம்பினார், அந்த நெரிசலிலும் வேகமாகவே வந்து சேர்ந்தார். தாமதமாக வந்துவிட்டார் என்று எல்லோரும் அவரை ஏசினார்கள். நானும் ஏசினேன், மேடையேறி. அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

படிப்பு, வேலை என்று நீ வெளியூரிலேயே இருந்துவிட்டாய். இங்கே நடந்ததில் பாதி, உனக்குப் போனில் வந்த செய்தி. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

நம் பகுதிக்கு இருந்த ஒரே பஸ்ஸை, ஆள் ஏறுவதில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். பஸ் நின்றதும் முடிந்தவர்கள் வண்டி வாங்கினார்கள், முடியாதவர்கள் நடந்தார்கள். ரோடு அடைத்துக்கொண்டது. ரோடு அடைத்ததும் அதை அகலப்படுத்த வேண்டும் என்றார்கள். அகலப்படுத்த ஏரிக்கரை மரங்களை வெட்டி, ஏரியில் ஒரு ஓரத்தை மண்ணடித்து மூட வேண்டும். பஸ்ஸை விட்டால் வண்டிகள் குறையும், வண்டிகள் குறைந்தால் ரோடு போதும், ரோடு போதுமென்றால் மரமும் ஏரியும் தப்பும். இவ்வளவுதான் எங்கள் சங்கத்தின் கோரிக்கை. இதே கடையில், நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில் பேசி ஆரம்பித்தோம். நான் செயலாளர். உன் அப்பா, மைக்.

மைக்செட் வாடகைக்கு விட்டதால் விழுந்த பேர் அது. மைக் இல்லாமலே அவர் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "வீட்டுக்கு வந்தா நான்தான் ஸ்விட்சை அணைக்கணும்" என்று உன் அம்மா சொல்வாள். நான் கூட்டத்தில் வெப்பநிலை, புகை, புள்ளிவிவரம் என்று பேசினால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள். அவர் மைக்கைப் பிடுங்கி, "வெயில் கொளுத்துதுன்னு மேல பார்த்துத் திட்டாதீங்க. கீழ பாருங்க. ஆளுக்கொரு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கிறோம்" என்பார். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள்.

எனக்கு அந்த மாதிரி பேச வராது. அதனால் ஒரு கூட்டத்தில், பஸ் வரும்வரை என் காரைத் தொடமாட்டேன் என்று அறிவித்தேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. காரைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், பேட்டரி இறங்காமல் இருக்க, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடுவேன். வண்டி நல்ல நிலையில்தான் இருந்தது.

போக்குவரத்து அதிகாரியைப் பார்க்க நாங்கள் அலையாத அலைச்சல் இல்லை. கடைசியாக ஒருநாள் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "பஸ் இல்லாம அங்க யாருக்கு என்ன ஆயிடுச்சு இப்போ? ஏதாவது ஆச்சுன்னா சொல்லுங்க, மேலிடத்துல பேசறேன்." படியிறங்கும்போது உன் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "அப்போ யாராவது செத்துக் காட்டணும் போலிருக்கு மச்சான்." சொன்னது அவர்தான், நான் இல்லை. நான் சிரிக்கக்கூட இல்லை. அந்த வார்த்தை என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

மரங்களுக்குச் சிவப்புக் குறி போட ஆட்கள் வந்த நாள். காலையிலிருந்து உன் அப்பா வெயிலில் நின்று அவர்களோடு வாதாடினார். மத்தியானம் உன் அம்மா அவரைக் கைத்தாங்கலாக இங்கே கூட்டிவந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, இடது தோளை அசைக்கவே இல்லை. "வாயுத் தொல்லை மச்சான், ஒரு மாத்திரை குடு" என்றார்.

மருந்துக் கடையில் இத்தனை வருஷம் நிற்கிறவனுக்கு அது வாயு இல்லை என்று தெரியும். அந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் தட்டிலேயே இருந்தது. நான் வாயு மாத்திரையைக் கொடுத்தேன். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, காரை எடுங்கண்ணே" என்றாள் உன் அம்மா.

"பேட்டரி போயிடுச்சும்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டே இருக்காங்க. பஸ் ஸ்டாப்புல உட்கார வைப்போம். மெயின் ரோட்ல இருந்தா அவங்களுக்குக் கண்டுபிடிக்கச் சுலபம்."

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. பதறாமல் இருந்தேன் என்று உன் அம்மா பிற்பாடு என்னைப் பாராட்டினாள். சாவி என் பேன்ட் பையில் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. போன் கையில் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். பஸ் வராத நிறுத்தத்தில் ஒரு மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், அப்புறம் காரை எடுத்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று போட்டோ எடுத்தேன். முதல் படத்தில் ஒரு லாரி குறுக்கே வந்துவிட்டது. மறுபடி எடுத்தேன். உன் அம்மா ஆம்புலன்ஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற படம் அது. நீயும் பார்த்திருப்பாய், எல்லாச் சுவரிலும் இருந்தது.

அந்த லாரிக்காரர் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். "ஏத்துங்க, நான் ஆஸ்பத்திரி வழியாத்தான் போறேன்" என்றார். நல்ல மனுஷன். "ஆம்புலன்ஸ் பக்கத்துல வந்துடுச்சு, அசைக்கக் கூடாது" என்று சொல்லி நான்தான் அவரை அனுப்பிவைத்தேன். மருந்துக் கடைக்காரன் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள். இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் வண்டியில் ஏறினார்.

உன் அம்மா தண்ணீர் எடுக்கக் கடைக்கு ஓடியபோது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. "பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டிய எடு மச்சான்." பேட்டரி கதையை அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் அவர் வீட்டு வரைக்கும் கேட்கும்.

அப்போதுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தகவல் வந்ததாக அந்த டிரைவர் உன்னிடம் சொன்ன நேரம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருப்பார்" என்றார். அதையே நோட்டீஸில் தலைப்பாகப் போட்டோம். கீழே உன் அப்பாவின் கடைசி வார்த்தை என்று "பஸ்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு, மீதியை நானே எழுதினேன். "பஸ் வரணும்." ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அதே அதிகாரி எங்களைத் தேடி வந்தார். பஸ் வந்தது. ரோடு வேலையைக் கைவிட்டார்கள். சிவப்புக் குறி மழையில் கரைந்துவிட்டது, மரங்கள் நிற்கின்றன. ஏரியில் இந்த வருஷம் பறவைகள் வந்திருப்பதை வரும் வழியில் நீயே பார்த்திருப்பாய்.

நான் இதுவரை அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. அது பிரேக் போடுகிற சத்தம் கேட்டால் எண்ணிக்கொண்டிருக்கிற மாத்திரைக் கணக்கு தப்பிப் போகிறது. கல்லாவைக்கூட பஸ் ஸ்டாப் கண்ணில் படாதபடி திருப்பிப் போட்டுவிட்டேன், வெயில் அடிக்கிறது என்று சாக்குச் சொல்லி. உன் அம்மா வந்தால்தான் தாங்க முடிவதில்லை. "நீங்க கூட இல்லன்னா அவர் அநாதையா போயிருப்பாருண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவளிடம் விட்டுவைக்கவும் முடியவில்லை. அந்த ஆம்புலன்ஸ் டிரைவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். இப்போது எங்கேயோ வண்டி கழுவுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். மாத்திரையைக் கொடுத்து, மீதிச் சில்லறையை எண்ணி வைத்தேன்.

ஏதோ செய்யாமல் விட்டுவிட்டேன் என்று கொஞ்ச காலம் நினைத்துப் பார்த்தேன். அப்படி இல்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன், பொய் சொன்னேன், வந்த உதவியைத் திருப்பி அனுப்பினேன். உன் அப்பாவை நான்தான் கொன்றேன்.

போலீஸுக்குப் போவதென்றால் போ, தடுக்கமாட்டேன். கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வருகிறேன். கிளம்புவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள் அம்மா. விஷயம் வெளியே வந்தால் சங்கம் பொய்ச் சங்கமாகிவிடும், பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், அடுத்த வாரமே மரத்துக்கு ஆள் வருவான். அப்புறம் உன் அப்பா எதற்காகச் செத்தார் என்று ஆகிவிடும், சொல்.