இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு

தினமும் காலையில் சைக்கிளின் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் ஏறுவேன். இரும்புலியூரிலிருந்து பல்லாவரம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் மணல் லாரிகள் எப்படி வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். பதினெட்டு வருடத்தில் ஒரு சிராய்ப்புகூடப் பட்டதில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னை அஜாக்கிரதையான ஆள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சுந்தரராமன். தோல் செருப்பு ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் பர்சனல் ஆபீசர். தொழிலாளர் பாதுகாப்பும் என் தலையில்தான். போன வருடம், தொண்ணூற்றொன்றில், முதலாளி அப்பாதுரை என்னைக் கூப்பிட்டு, சரக்கு வாங்கும் வெள்ளைக்காரர்கள் பாதுகாப்பைப் பற்றியெல்லாம் கேட்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்றார். ஒரு பெட்டி செய்யச் சொல்லிப் பச்சை பெயின்ட் அடித்தேன். 'ஆபத்தைக் கண்டால் எழுதிப் போடவும்' என்று அதன்மேல் நானே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

முதல் மாதம் பதினான்கு சீட்டு விழுந்தது. பாதியில் பெயரே இல்லை. பெயர் போடாமல் எழுதினால் அது மொட்டைக் கடுதாசி. பெயரும் டோக்கன் நம்பரும் இல்லாவிட்டால் கிழித்துப் போடுவேன் என்று நோட்டீஸ் ஒட்டினேன். அப்புறம் பச்சையம்மா என்ற பெண் பெயர் போட்டு எழுதினாள், சாயம் போடுகிற இடத்தில் தரை வழுக்குகிறது என்று. யோசித்துப் பார்த்தேன். வழுக்குகிற இடம் யாருக்கு நன்றாகத் தெரியும்? அவளுக்குத்தானே? மறுநாளே அவளை அந்த இடத்துக்கு மாற்றினேன். ஆபத்து எங்கே என்று தெரிந்தவர் கவனமாக இருப்பார் அல்லவா? அதன்பிறகு எழுதினவர் யாரானாலும் எழுதின இடத்திலேயே வேலை என்று வைத்துவிட்டேன். இதைப் போய் யூனியன்காரர்கள் பழிவாங்கல் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு மரியாதையே கிடையாது.

மூன்றாம் மாதம் பெட்டி காலியாக இருந்தது. முதலாளி மனம் குளிர்ந்து இந்தக் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான் சுவிசேஷமுத்து எழுதினான். பேக்கிங்கில் வேலை. அதற்கு முன் பல்லாவரம் மலையில் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக் கல் உடைத்தவன். அவன் எழுதியது இரண்டாம் மாடியில் இருக்கும் சரக்கு லிஃப்டின் கதவைப் பற்றி. லிஃப்ட் வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்க வேண்டும். அதன் பூட்டு தேய்ந்துபோய், கீழே மெஷின் ஓடுகிற அதிர்வில் கதவு தானாக நகர்ந்து திறந்துகொள்ளும். சீட்டில் எழுதியது போதாது என்று ஆபீசுக்கே வந்து நின்றான்.

"சார், லிப்டு கீய கீது, கதவு மேல தொறந்துகினு கீது சார். எவனாவது வுயுந்தான்னா பேஜாராப் பூடும்."

முதலாளியிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "பூட்டு மாத்தணும்னா ரெண்டு நாள் லிஃப்ட நிறுத்தணும் சுந்தரராமன். ஷிப்மென்ட் என்ன ஆகறது? நீங்களே பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொண்டேன். சுவிசேஷமுத்துவையே லிஃப்டுக்குப் போட்டேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சார், சொன்ன வாய்க்கு சக்கரையா?" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறமும் அவன் அடங்கவில்லை. மாதம் ஒன்று என்று இன்னும் மூன்று சீட்டு, மூன்றிலும் அதே கதவு. காலியாக இருந்த என் பெட்டியில் அவன் ஒருவன் சீட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மாதாந்திர அறிக்கையில் 'புகார்: ஒன்று' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் அவனே ஒரு வழி செய்துகொண்டான். கதவுக்கு இரண்டடி முன்னால், இடுப்பு உயரத்தில், சுவரின் இந்தப் பக்கத்து வளையத்திலிருந்து அந்தப் பக்கத்து வளையத்துக்கு ஒரு கயிறு கட்டினான். தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், தள்ளினால் முன்னால் தெரியாது. அதனால் வண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருவான். முதுகில் கயிறு பட்டதும் நிற்பான். திரும்பிப் பார்ப்பான். லிஃப்ட் வந்திருந்தால்தான் கயிற்றை அவிழ்ப்பான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அதே மாடியில் இருக்கும் என் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும்.

ஆகஸ்டில் வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். காலையில் முதலாளி மாடியைச் சுற்றிப் பார்த்தவர், "அது என்ன அசிங்கம், மாட்டுக்கொட்டாய் மாதிரி?" என்று கயிற்றைக் காட்டினார். சுவிசேஷமுத்து அப்போது டீ குடிக்கப் போயிருந்தான். நானே அவிழ்த்து, சுருட்டி, என் மேசை டிராயரில் வைத்தேன்.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்லியிருந்தால் சீட்டு எழுதியிருப்பான். அன்றைக்குப் பார்த்து, அவர்கள் கண் முன்னால், போய்ப் பெட்டியில் போட்டிருப்பான். மதியம் வரைதானே, அவர்கள் போனதும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பதினொன்றரை இருக்கும். வந்தவர்கள் ஒரு ஜோடி செருப்பை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களோடு நின்றேன். சுவிசேஷமுத்து டீக்குப் பிறகு முதல் வண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்தான். கதவு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. லிஃப்ட் கீழே இருந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்தது. பதினைந்து அடி தூரம்தான். கயிறு இல்லை என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் என்ன கயிறு, எதற்குக் கயிறு, கதவுக்கு என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் முதுகு கயிற்றைத் தேடியது. ஒரு அடி, இன்னும் ஒரு அடி. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் கீழே ஓடினார்கள். நான் ஆபீசுக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்தேன். ஒரு முனையை வளையத்தில் கட்டி, மறுமுனையைத் தொங்கவிட்டேன், அவனே அவிழ்த்துவிட்டு அசந்துபோன மாதிரி. தொழிற்சாலை இலாகாவிலிருந்து விசாரணைக்கு வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள், 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று. அந்த வாசகத்தைச் சொன்னது நான்தான்.

பதினாறாம் நாள் அவன் மனைவி செல்வமேரி வந்தாள். அவளும் மலையில் ஜல்லி உடைத்தவள். அழவில்லை. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். கட்டியிருந்த முனையை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"இது அவரு போட்ட முடிச்சு இல்ல சார். மலைல இந்த முடிச்சு போட்டுகினு தொங்கியிருந்தா அவரு என்னிக்கோ செத்திருப்பாரு. இது பைலு கட்றவங்க போடுற முடிச்சு. எம் புருசன் கவனமில்லாத ஆளா? அவர் பேர்ல ஏன் சார் எழுதினீங்கோ?"

ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு முழுவதும் அவிழ்ந்து கயிறு அவள் கையோடு வந்துவிட்டது. அந்தக் கயிற்றோடு நேராக உங்களிடம் வந்தாள்.

ஆமாம், கயிற்றை எடுத்தது நான். பார்த்துக்கொண்டு சும்மா நின்றது நான். திரும்பக் கட்டியதும், செத்தவன் மேல் பழியைப் போட்டதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அங்கே பாதுகாப்பு ஏற்பாடே இல்லை என்று அந்த அம்மாள் சொல்வதை மட்டும் எழுதாதீர்கள், அது அநியாயம். பெட்டியின் சாவி என் டிராயரில் இருக்கிறது, போய்த் திறந்து பாருங்கள். அவன் போன பிறகு இந்த இரண்டு மாதத்தில் ஒரு சீட்டுகூட விழவில்லை. ஆபத்து என்று ஒன்று இருந்தால், இருநூறு பேரில் ஒருத்தராவது எழுதிப் போட்டிருக்க மாட்டார்களா?