தீட்டாத அரிசியைக் கால்வாயில் கொட்டியது பற்றி

என் பெயர் லெ தி காம். வயது நாற்பத்தாறு. கான் தோ நகரில் ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்தெருவில் குடியிருந்து, வீட்டு வாசலிலேயே கஞ்சிக்கடை வைத்திருக்கிறேன். மனுதாரர் டொன் என் தங்கை லுவாவின் கணவர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவர் வீட்டுக்குள் புகுந்து அரிசி மூட்டையை நாசம் செய்ததாகவும், அவர் மனைவியைக் கடத்திப் போனதாகவும் என்மேல் புகார். காவல் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சென்ற புத்தாண்டு முடிந்த கையோடு என் தங்கைக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்தது. முதலில் கீமோ மருந்தால் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். இரண்டு முறை மருந்து ஏறியது. முடி கொட்டியது, வாயில் புண் வந்தது, ஆனாலும் தெம்பாகத்தான் இருந்தாள். அதன் பிறகு டொன்னுக்குக் கைப்பேசியில் யாரோ புத்தி சொல்லியிருக்கிறார்கள். மீன், முட்டை, கறி எல்லாம் கட்டிக்குத் தீனியாம். தீட்டாத அரிசிச் சோறும் உப்புப் போட்ட எள்ளுப் பொடியும் மட்டும் தின்றால் கட்டி பட்டினியில் செத்துவிடுமாம். எங்கள் ஊரில் இதை நம்பாத தெரு கிடையாது. என் கடையில் மீன் கஞ்சி குடித்துக்கொண்டே இதைச் சொல்பவர்கள் உண்டு. டொன் ஒரு மூட்டை வாங்கி வந்து, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் தண்ணீராகும்வரை மெல்லச் சொன்னார். வாய்ப்புண்ணோடு எள்ளை மெல்வது எப்படியிருக்கும் என்று இதை எழுதுகிற ஐயா கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு மூன்றாவது மருந்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். எடை இறங்கிவிட்டது, வெள்ளை அணுக்களும் குறைவு, இந்த உடம்பு மருந்தைத் தாங்காது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அங்குள்ள உணவு ஆலோசகர், "அரிசி மேல குத்தமில்லம்மா, அது மட்டும் பத்தாது. சாப்பாட்டை நிறுத்தினா கட்டி பட்டினி கிடக்காது, இவங்க சதையிலேர்ந்து எடுத்துக்கும். பட்டினி கிடக்கிறது இவங்கதான்" என்றார். டொன் அப்போது வாய்ப்புண்ணுக்கு மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். வெளியே வந்து இதைச் சொன்னேன். "கட்டி சுருங்குதுக்கா, அதான் இவளும் சேர்ந்து சுருங்குறா. இப்பப் போய் விடச் சொல்றீங்களே" என்றார். நடுத்தெரு என்றும் பாராமல் கத்தினேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டை உடைக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது. டொன் படகுத்துறைக்குப் போயிருந்தார். லுவாவின் மணிக்கட்டைப் பிடித்தபோது என் கைக்குள் எலும்புதான் இருந்தது. பயந்துபோனேன். "கிளம்புடி" என்றேன்.

"அவரு மனசு கஷ்டப்படும்க்கா."

"நீ போய்ச் சேர்ந்தா மட்டும் டான்ஸ் ஆடுவாராக்கும்."

சிரித்தாள், சிரித்ததில் வாய்ப்புண் வலித்து என்னைத் திட்டினாள். அதன் பிறகு மூட்டையை நான்தான் வாசல் கால்வாயில் கொட்டினேன். மறுக்கவில்லை. பக்கத்து வீட்டு வாத்துகள் சாட்சி. தங்கை தன் விருப்பத்தோடுதான் என் வண்டியில் ஏறினாள்.

அதன் பிறகு விரால் மீன் கஞ்சியை நன்றாகக் குழைத்து, முள் பார்த்து, மிளகு போடாமல், ஆறவைத்துக் கொடுத்தேன். எல்லாமே இரும்பு மாதிரி ருசிக்கிறது என்று தள்ளிவிட்டாள். அதட்டினால் வேலைக்காகாது, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, பிடித்ததாகப் பார்த்துக் கொடுங்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். முட்டை அடித்து ஊற்றினேன், பயறு அவித்தேன். ஒரு நாள் அவளாகவே கிண்ணத்தை நீட்டி, "காசு குடுக்கிறவங்களுக்குத்தான் மீன் துண்டாக்கா?" என்றாள். நான் அடுப்புக்குப் பின்னால் போய் அழுதேன். டொன் கடைக்கு எதிரில் வந்து வந்து நின்றார். கோபத்தில் நான் உள்ளே விடவில்லை. அதன் பிறகே இந்தப் புகார். இந்த வாரப் பரிசோதனையில் எடையும் வெள்ளை அணுக்களும் ஏறியிருக்கின்றன. நாளை மூன்றாவது மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று இந்த நிலையத்தில்தான் டொன்னைக் கிட்டத்தில் பார்த்தேன். சட்டை கொடியில் கிடப்பதுபோல் உடம்பில் தொங்கியது. லுவா தனியாகப் பத்தியம் இருக்கக் கூடாது என்று அவரும் அதையேதான் தின்றிருக்கிறார். நான் கொடுத்த பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான்தான் அவளைக் கொல்லப் பாத்தேனாக்கா?" என்று கேட்டார்.

"நோயை அடிக்கத்தான் கையை ஓங்கினே தம்பி, ஆள் மாறிப் பட்டுடுச்சு. இனிமே பாத்து அடி" என்றேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்கிறார். நாளை நான் மட்டும் கூட்டிப் போவதாகத்தான் இருந்தேன். என்னோடு நிலையத்துக்கு வந்திருக்கும் லுவா, "அவரும் வரட்டும்க்கா. ஊசி குத்துறப்ப எனக்கு அவரு கை வேணும்" என்றாள். வரலாம், ஆனால் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வராவிட்டால் ஆஸ்பத்திரியில் அவரையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, அத்தனையும் உண்மை. நாளை காலை நாங்கள் மூவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருப்பதால், மேல்விசாரணை இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) லெ தி காம்