தம்பி வீட்டு மெஷின்

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளவில்லை என்றால், பத்தில் எட்டு வீட்டில் கோளாறு மெஷினில் இல்லை, சட்டைப் பையில்தான் சார். ஊக்கு, சில்லறை, மாத்திரை அட்டை என்று என்னவெல்லாமோ உள்ளே கிடக்கும். எங்கள் பக்கம் கூடுதலாக நெல். களத்திலிருந்து வருகிற வேட்டி மடிப்பில் ஒரு கைப்பிடி நெல் இருக்கும். உதற மாட்டார்கள், அப்படியே உள்ளே போடுவார்கள். கீழே சின்னக் கதவைத் திறந்து வடிகட்டியைக் கழற்றி அலசினால் வேலை முடிந்தது. அதற்குப் போய் பம்ப் மாற்ற வேண்டும் என்று நான் எந்த வீட்டையும் ஏமாற்றியதில்லை. தொழிலில் என் கை சுத்தம். பாபநாசத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் பேர் ஜெயபாரதி. வயது ஐம்பத்தொன்று. என் வீட்டுக்காரர் வைத்திருந்த சர்வீஸ் கடையை, அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக நான்தான் நடத்துகிறேன். பொம்பளை ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்று முதலில் சிரித்தார்கள். வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் கூப்பிட என்னை விட்டால் ஆளில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. வேலை முடித்துக் கிளம்பும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று சொல்வேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மெஷினைத் தொடுங்கள் என்பேன். கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

நீங்கள் பம்பைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் பம்புக்கு முன்னால் பத்திரத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பா கோவிந்தராசுவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்கு மேல் வரும். பிள்ளைகள் நானும் தம்பி குணசேகரனும் மட்டும்தான். ரோட்டோரம் இருக்கிற மூன்று மா பாரதிக்கு என்று அப்பா நாலு பேர் காதுபடச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் அங்கே போய்க் கயிறு பிடித்து அளந்தார். இங்கே வாசல், இங்கே அடுப்படி என்று நாலு மூலையிலும் குச்சி அடித்துவிட்டு வந்தார். கட்டுவதற்குள் அவருக்குக் காலம் முடிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் வாடகைச் சுவருக்குள்தான் இருக்கிறேன். இப்போது கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்த மூன்று மாவில் ஒரு வீடு கட்டி, அதில்தான் கண்ணை மூட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அப்பா போன பிறகு நிலம் எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பி கடைக்கு வந்தான். "கூட்டுப் பட்டாவா இருந்தா எந்தக் காரியமும் ஓடமாட்டேங்குதுக்கா. உன் மூணு மாவைத் தள்ளிட்டு, மிச்சத்துல பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் போட்டுக் குடுத்துடு" என்றான். நியாயமாகத்தான் பட்டது. போனேன்.

பதிவு ஆபீசில் பத்திரம் எழுதியவர் தாளை என் பக்கம் நீட்டி, "படிச்சுப் பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கூடப் பிறந்தவன் கொண்டுவந்த பத்திரத்தை அக்கா தங்கச்சி படித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் படிக்க உட்கார்ந்தால், நீ திருடன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி ஆகிவிடும். எந்தப் பெண்ணும் படித்து நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டேன், விரல் ரேகை வைத்தேன். எனக்குப் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி மாலதி, என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாலதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குத்தாலத்துப் பெண். நான் பார்த்து, நான் பேசி, நான் கொண்டுவந்தவள். தாலியில் முதல் முடிச்சு மட்டும்தான் தம்பி போட்டது. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, அதை நான் போட்டேன். என் வீட்டுக்காரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பதினோரு நாள் தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து என்னோடு இருந்தாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். தம்பி கேட்க மாட்டான், அவன் சுபாவம் அது.

போன வைகாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். "அண்ணி, மெஷினுக்குள்ள தண்ணி அப்படியே நிக்குது. உர்ருன்னு சத்தம் மட்டும் வருது." சத்தத்தைச் சொன்னதுமே இது வெறும் அடைப்பு இல்லை, பம்ப் தேய்ந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. புதுப் பம்ப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். தம்பி கும்பகோணத்தில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

மெஷின் கொல்லைப்பக்கச் சார்ப்பில் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தரை எந்நேரமும் ஈரம்தான். தண்ணீர்க் குழாயை வாழைக்கு விட்டிருக்கிறார்கள். வடிகட்டியைத் திறந்தேன், ஊறிப் பருத்த நெல் ஒரு கை வந்தது. பிறகு பம்பைக் கழற்றினேன். உள்ளே இருக்கிற விசிறி ஆடியது, சீல் போயிருந்தது, தண்ணீர் மோட்டார் சுருள் வரைக்கும் கசிந்து ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. எந்த மெக்கானிக்கும் அதைக் குப்பையில்தான் போடுவான். நானும் புதுப் பம்பை டப்பாவிலிருந்து வெளியே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டேன். அதுவரைக்கும் என் மனதில் ஒன்றுமில்லை சார். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மாலதி காபி கொண்டுவந்தாள். கூடவே ஒரு தட்டில் மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை.

"எதுக்குடி இது? தீபாவளிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு."

அவள் சிரிக்கவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, சொல்லக் கூடாதுன்னுதான் அவரு சொல்லியிருக்காரு. என்னால முடியல. ரோட்டோரத்து மூணு மாவையும் மனை போடுறவங்களுக்கு வித்தாச்சு. கல்லு நட்டுட்டாங்க."

"என் மூணு மாவையா?"

"அன்னிக்குப் போட்ட பத்திரத்துல பத்து மாவும் இருந்துச்சு அண்ணி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க உக்காந்திருந்தப்பவே தெரியும். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு மூஞ்சியப் பாத்தேன், பயந்துட்டேன். என்னை மன்னிச்சுடுங்க அண்ணி. அந்தப் பாவத்தோட எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"சரி, அழாத. காபி ஆறுது" என்றேன். குடித்தேன். நன்றாகவே போட்டிருந்தாள். குச்சி அடித்த இடத்தில் எவனோ கல் நட்டிருக்கிறான். அன்றைக்கு என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பத்திரம் முடிந்து வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் புதுப் பம்பை மறுபடி டப்பாவில் வைத்தேன். பழையதை அழுக்கெடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினேன். இன்னும் சில நாள் ஓடும் என்று தெரியும். மெஷின் உடம்போடு சேர்த்து முடுக்க வேண்டிய எர்த் ஒயரை முடுக்கவில்லை. கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற டிரிப்பர் அந்த வீட்டில் வேலை செய்யாது. அடிக்கடி விழுகிறது என்று போன வருஷம் தம்பியே அதில் சேராமல் ஒயரை நேராக இழுத்துக் கொடுத்துவிட்டான். நான் அப்போதே திட்டினேன். அதைச் செய்தது அவன்தான், நான் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"புதுப் பம்ப் போட்டாச்சு" என்று மாலதியிடம் சொன்னேன். புடவையை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. செருப்பு போட்டுக்கொண்டு தொடு என்று மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போன் செய்தாள். "அண்ணி, தண்ணி ஜம்முன்னு போவுது. ஆனா மேல கை வெச்சா லேசா சுர்ருங்குது. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

நான் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து தம்பி வீட்டுக்குக் கால் மணி நேரம்தான்.

"ஈரக் கையோட தொட்டிருப்பே. ஒண்ணுமில்ல, நீ பாட்டுக்குப் போடு."

"சரி அண்ணி. நாளைக்குக் காலையில பெட்ஷீட்டெல்லாம் போடலாம்னு இருக்கேன். நீங்க சொன்னா சரிதான்."

புதன்கிழமை காலையில் அது நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்தபோது புடவை சார்த்தியது நான்தான். அவள் எனக்குக் கொடுத்த பட்டையே சார்த்தினேன். வீட்டு முறைப்படி நாத்தனார் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தேன், யாரும் குறை சொல்ல முடியாது. தம்பி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "அக்கா புதுப் பம்ப் போட்டுக் குடுத்துச்சு சார், அது வேலையில பிசகே வராது, மெஷின்தான் கோளாறு" என்று உங்களிடம் சொன்னதும் அவன்தான். மெஷினைத் திறந்து பார்த்த நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரி. புதுப் பம்ப் என் கடை அலமாரியில் டப்பாவோடு இருக்கிறது. நீல மூடி போட்ட எண்ணெய் டின்னுக்குப் பின்னால்.

தம்பிக்கு ஒரு பாடம் கற்பிக்கத்தான் செய்தேன் என்று நேற்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "உங்க தம்பி துணி துவைப்பாராம்மா?" ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசித்தேன்.

இல்லை சார். அவன் துவைக்க மாட்டான். அந்த மெஷினில் எந்தப் பட்டனை அழுத்தினால் ஓடும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டில் அதைத் தொடுகிற கை ஒன்றுதான். எனக்கு அது தெரியும், ஒயரை முடுக்காமல் விட்டபோதும் தெரியும்.

தம்பி ஏமாற்றினான்தான். நிலம் என்று வந்தால் ஆண்பிள்ளைகள் அப்படித்தான், ஊரில் நடக்காததா? கொஞ்ச நாளில் ஆறிப்போகும். மாலதி செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. அவளை நான் என் வயிற்றில் பிறந்த பிள்ளையாகத்தான் வைத்திருந்தேன். வெளியிலிருந்து வந்தவள் வெளியாள்தான் என்று காட்டிவிட்டாள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். புதன்கிழமை காலையில் தம்பி ஏன் என் கடையில் இருந்தான் என்று. நான்தான் கூப்பிட்டேன். ஷட்டர் சிக்கிக்கொண்டது, வந்து தூக்கிக் கொடு என்றேன். ஷட்டருக்கு ஒன்றுமில்லை. அவன் வீட்டில் இருந்திருந்தால் அவள் சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பிடித்து இழுத்திருப்பான், கரண்ட் அவனையும் சேர்த்து அடித்திருக்கும். பத்தேகால் வரைக்கும் அவனை அங்கே இங்கே போகவிடாமல் உட்கார வைத்து, இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவனுக்கு ஒன்று ஆனால் நான் எப்படித் தாங்குவேன்? எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான் சார்.