கை இருக்கிறதா என்று கேட்கும் ஃபங்ஷன்

தேநீர் ஆறிவிட்டது. பரவாயில்லை, நான் ஆறியதைத்தான் குடிப்பேன்.

கம்பைலர் எழுதுவது என் வேலை. மற்றவர்கள் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு அது மாற்றும். நிரல் என்பது சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடும். கூப்பிடுவதற்குப் பதில், அந்த இடத்திலேயே அதன் வரிகளைப் பிரித்து வைத்துவிட்டால் வேகம் கூடும். எதைப் பிரிப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் பகுதி என்னுடையது.

தங்கையின் கணவருக்கும் நான் இருக்கும் தொழிற்சாலையில்தான் வேலை. தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு நிரல் எழுதுவார். தன் ஃபங்ஷன்கள் எல்லாவற்றின் மீதும் 'பிரிக்காதே' என்று குறி போடுவார். குறி இருந்தால் என் கம்பைலர் தொடாது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "மச்சான் கை வச்சா எதுவும் உருப்படாது. அதான் பூட்டுப் போட்டுடறேன்" என்றார். தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பெரும்பாலான குறிகள் வீண். ஒன்று மட்டும் அவசியம்: பிரஸ்ஸில் மேலிருந்து இறங்கும் அச்சுக்கு அடியில் கை இருக்கிறதா என்று சென்சாரைக் கேட்கும் ஃபங்ஷன். எங்கள் நிரல்மொழியில் ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான். அந்த ஃபங்ஷனைப் பிரித்துவிட்டால், கம்பைலர் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு, அந்தப் பதிலையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். தெரியாது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

அந்தக் குறியை நீக்கினேன்.

நிரல் மாறினால் முதலில் கைக்குப் பதில் மரக்கட்டையை வைத்து, பிரஸ் நிற்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். மாறிய நிரலை ஏற்றி, பிரஸ்ஸைக் காலியாக ஓடவிட்டு, கட்டையைத் தள்ளினேன். பிரஸ் நிற்கவில்லை. கட்டை தூளானது. தூளைக் கூட்டி அள்ளினேன். பிரஸ்ஸை அணைக்காமல், தகடு கோணலாகப் போகிறது என்று அவரைக் கூப்பிட்டேன்.

"மரம் வச்சுப் பாத்தீங்களா மச்சான்?" சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"பாத்தாச்சு மாப்ளே."

இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். அச்சு இறங்கியது. ஏறி, மறுபடி இறங்கியது. மணிக்கட்டுகள் தகட்டோடு தகடாகப் படிந்துவிட்டன. இழுத்துப் பார்த்தார், கால் வழுக்கி முன்னால் சாய்ந்தார். அடுத்த முறை தலையும் உள்ளே இருந்தது. நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரம்தான். அச்சு எவ்வளவு சீராக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிணவறை வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, கேக்காம அவர் உள்ள கை வைக்க மாட்டாரே."

கேட்டார், பதிலும் சொன்னேன் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை.