சாட்சி 'கே'

என் முகம் அப்படியொன்றும் பார்க்கத் தகுந்ததல்ல. எங்கள் ஊர் நியூரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதையும் பொருட்டாக மதித்து பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் திரை கட்டி மறைத்தார்கள். ஜார்லத் என்ற பெயரை எடுத்துவிட்டு, சாட்சி 'கே' என்றார்கள். உயிருக்கு ஆபத்து என்று நான் மனுப் போட்டிருந்தேன். யாரால் ஆபத்து என்று மரண விசாரணை அதிகாரி நினைத்தாரோ, தெரியாது. நான் பயந்தது நோரீனுக்கு.

நோரீன் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மகன் ஃபின்டனை, வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இயக்கத்துக்காரர்கள் சுட்டு வயலோரம் போட்டுவிட்டுப் போனார்கள். போலீசுக்குத் துப்புக் கொடுத்தான் என்று குற்றச்சாட்டு. துப்புக் கொடுத்தது நான். இயக்கத்தின் சந்தேகம் என் பக்கம் திரும்பியபோது அவன் பெயரைச் சொன்னேன். நானே போய் அவனை அவர்களிடம் கூட்டிக்கொண்டும் வந்தேன். நண்பன் கூப்பிட்டால்தானே வருவான். அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கவும் முதல் ஆளாக நின்றேன். பக்கத்து வீட்டுக்காரன் நிற்காவிட்டால் எங்கள் ஊரில் பேசுவார்கள்.

இத்தனை வருடம் கழித்து விசாரணை வந்ததும், நோரீனைத் தினமும் என் காரில்தான் அழைத்துப் போனேன். சம்பவ இடத்தில் நான் இருந்ததாகப் பழைய போலீஸ் கோப்பு சொன்னதால் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. என் முறை வந்த அன்று, பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லி அவரை நீதிமன்ற வாசலில் இறக்கிவிட்டு, பின்வழியாக நுழைந்தேன். குரலை மாற்றும் கருவி என்னைத் தொண்டை கட்டிய தவளையாக்கியது.

அதிகாரி நல்ல மனிதர். ஃபின்டன் எங்கே, எப்போது, எப்படி இறந்தான் என்று அவர் கண்டறியலாம். குற்றவாளி யார் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. என்னை மாட்டிவிடும் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் அவரே நினைவூட்டினார். அப்படியொரு உபசரிப்பு எனக்கு என் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை. நோரீனின் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கடைசி நேரத்தில் ஃபின்டன் அழுதானா?

பதில் சொல்ல விரும்பவில்லை என்றது தவளை.

திரும்பும் வழியில் நோரீன் பொருமித் தீர்த்தார்.

"அந்தப் பயலுக்கு வாயில என்ன உருளைக்கிழங்கா, மகனே? அவன் பேரு வேணாம், மூஞ்சி வேணாம். என் புள்ள அழுதானா இல்லையான்னு சொன்னா அவனுக்கு என்ன குறைஞ்சா போயிடும்? நான் இதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டுக் கண்ண மூடணும்னு பாக்குறேன்."

எனக்குத் தாங்கவில்லை. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் அல்ல.

"அழல, நோரீனம்மா. குளிருதுன்னு மட்டும்தான் சொன்னான்."

நியூரியில் இறங்கும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், வயதானவர், களைத்துப் போயிருப்பார். நாளைக்கு முடிவை அறிவிக்கிறார்கள். நேரத்தோடு கிளம்பி அவரைக் கூட்டிப் போக வேண்டும். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?